ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்: கப்பலில் வரவழைப்பதா, சென்னையிலேயே தேடுவதா?

போன மாதம் தங்கை மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் 1999-ஆம் வருட நிசான் சில்வியா, நீல நிறம். "மாமா, ஜப்பான்ல 15 லட்சம்தான். கப்பல்ல ஏத்திட்டா நம்ம ஹார்பர்ல வந்து இறங்கிடும். நேராப் போய் எடுத்துக்கலாம்ல?" என்றான்.

அவன் சொன்னதில் மூன்று தவறுகள். அந்தக் கார் வராது. வரக்கூடிய கார் அந்த விலைக்கு வராது. எது வந்தாலும் சென்னைத் துறைமுகத்தில் இறங்காது. அன்று சாயங்காலம் முழுக்க அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்.

காருக்கு முன் சட்டம்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் காரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டம் அதை அனுமதிக்குமா என்று பிறகு பார்க்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

இந்தியாவுக்குள் பழைய கார் கொண்டுவர வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் வைத்திருக்கும் நிபந்தனைகள் சில. கார் உற்பத்தியான தேதியிலிருந்து 3 வருடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்ற மாதிரி விழ வேண்டும். இறக்குமதியான நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் சாலையில் ஓடத் தகுதியாக இருக்கும், அதற்கு சர்வீஸ் வசதியும் கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். கப்பல் ஏறும் முன்பே ஆய்வுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். இறங்கும் துறைமுகம் மும்பை மட்டும்தான்.

ஸ்டீயரிங், மீட்டர், ஹெட்லைட் மூன்றிலும் ஜப்பான் கார் தானாகவே தேறிவிடும். அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். கழுத்தைப் பிடிப்பது அந்த 3 வருடம்தான். சில்வியா எஸ்15, ஸ்கைலைன் ஆர்34, சுப்ரா ஏ80, ஆர்எக்ஸ்-7 என்று எல்லாரும் கேட்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாமே 2002-லேயே உற்பத்தி நின்றவை. 20 வருடத்துக்கு மேலாக வாசலுக்கு வெளியே நிற்கின்றன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் புதுக் கார் வாங்கினால் 'ஷாகென்' என்ற கட்டாயத் தகுதிச் சோதனை முதலில் 3 வருடம் கழித்து வரும், அப்புறம் 2 வருடத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவைத் தவிர்க்க முதல் ஷாகென் நெருங்கும்போது காரை விற்பவர்கள் அங்கே நிறைய. அதாவது ஜப்பான் சந்தைக்கு நல்ல பழைய கார்கள் கூட்டமாக வந்து சேரும் நேரத்தில் நம் சட்டக்கதவு மூடிவிடுகிறது. நமக்குக் கிடைப்பது, ஏதோ காரணத்தால் ஒன்று, ஒன்றரை வருடத்திலேயே கைமாறும் கார்கள். அவை கிட்டத்தட்டப் புதுக் கார் விலையில்தான் இருக்கும்.

சென்னைக்காரர்களுக்குக் கூடுதல் எரிச்சல் துறைமுகம். எண்ணூரிலிருந்து கப்பல் கப்பலாகக் கார் ஏற்றுமதி ஆகிறது. புதுக் கார் என்றால் இங்கேயே இறக்கவும் அனுமதி உண்டு. உங்கள் பழைய கார் மட்டும் மும்பை போய் இறங்கி, அங்கிருந்து லாரியில் ஏறி வர வேண்டும்.

50 வருட வாசல்

சரி, பழைய கார்தான் வேண்டும், வேறு வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. தயாரித்து 50 வருடம் தாண்டிய விண்டேஜ் கார்களை இறக்குமதி செய்ய 2025-இல் வழி திறந்தார்கள். டாட்சன் 240இசட், ஹகோசுகா என்று ரசிகர்கள் அழைக்கும் முதல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் இரண்டும் 1969-இல் வந்தவை. 1970-களின் தொடக்கத்து டொயோட்டா செலிகா, மாஸ்டா ஆர்எக்ஸ்-3 கூட இந்தக் கணக்கில் வந்துவிடும்.

ஆனால் பதிவு எண் தனி. மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்று வரும் விண்டேஜ் வரிசை, 2021-இல் கொண்டுவந்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று வெளியே எடுக்கலாம்.

1983-இல் வந்த ஏஇ86 கொரோலா இந்த வாசலுக்கு வர 2033 ஆகும். ஆர்32 ஜிடி-ஆர் 2039. ஆர்34 வேண்டும் என்றால் 2049. தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கு 45 வயசு ஆயிடும்" என்றான். எனக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

வரவழைக்க முடிந்த கார்கள், அவற்றின் நிஜ விலை

3 வருடத்துக்குள் என்றால் பட்டியல் சின்னது, ஆனால் சுவையானது. டொயோட்டா ஜிஆர் யாரிஸ், ஜிஆர்86, ஜிஆர் கொரோலா. ஹோண்டா சிவிக் டைப் ஆர். நிசான் ஃபேர்லேடி இசட். மாஸ்டா ரோட்ஸ்டர். சுபாரு டபிள்யுஆர்எக்ஸ் எஸ்4. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். இவற்றில் எதுவும் நம் ஷோரூம்களில் விற்பனைக்கு வந்ததில்லை. இறக்குமதிக்கு நியாயமான காரணம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இப்போது நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். கார் விலை, கப்பல் வாடகை, கப்பல் காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைதான் சுங்கத்துக்கு அடிப்படை. வாதத்துக்கு 25 லட்சம் என்று வைப்போம்.

பழைய காருக்கான சுங்க வரியும், அதோடு சேரும் வேளாண் உள்கட்டமைப்பு வரியும் கூட்டினால் 137.5 சதவீதம். 34 லட்சத்து 37 ஆயிரத்து 500. கூட்டினால் 59,37,500. இந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி. 1200 சிசி தாண்டிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம். இன்னொரு 23 லட்சத்து 75 ஆயிரம். ஆக 83 லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம், அது பதினாறரை லட்சத்துக்கு மேல். எல்லாம் சேர்த்து 99 லட்சத்து 75 ஆயிரம்.

25 லட்சம் ஒரு கோடி ஆகிவிட்டது. ஏஜென்ட் கூலி, சோதனைக் கட்டணம், மும்பையிலிருந்து லாரி வாடகை, இங்கே எடுக்கும் இன்ஷூரன்ஸ் எதுவும் இதில் இல்லை. சுலபமாக நினைவில் வைக்க, போட்ட பணத்தை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் சதவீதங்கள் ஆடும், அதனால் பணம் அனுப்பும் வாரத்தில் திரும்ப ஒருமுறை கணக்குப் போடுங்கள்.

இதே கணக்கை 12 லட்சம் மதிப்புள்ள ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்குப் போட்டால் 48 லட்சம் வருகிறது. மஞ்சள் நிறத்தில் அருமையான குட்டிக் கார், 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன். ஆனால் 48 லட்சம் கொடுத்து ஒரு ஸ்விஃப்ட் வாங்கியதை மாமனாரிடம் விளக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. "ஏலத்தில் மலிவாகத் தட்டிவிட்டேன், இன்வாய்ஸ் குறைவு" என்று குதிக்காதீர்கள். சுங்கத்துறை உங்கள் இன்வாய்ஸை அப்படியே ஏற்கும் கட்டாயம் இல்லை. அந்தக் கார் புதிதாக இருந்தபோது கம்பெனி போட்ட விலையை எடுத்து, அதில் தேய்மானம் கழித்து மதிப்புப் போடுவார்கள். முதல் வருடத்தில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருடத்தில் 3 சதவீதம் என்று கழியும். நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்தது அங்கே மறைந்துவிடும்.

இதையும் மீறி இறக்குமதிதான் என்றால்

ஒரு கோடி உங்களுக்குப் பெரிய தொகை இல்லை, டைப் ஆர் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றால், செய்ய வேண்டிய வரிசை இது.

முதல் வேலை, சுங்க ஏஜென்ட். கார் ஏஜென்ட் இல்லை, சுங்க ஏஜென்ட். மும்பையில் பழைய கார் இறக்கிப் பழக்கமுள்ளவராக இருக்க வேண்டும். சென்னையில் மிஷின், உதிரி பாகம் இறக்குமதி செய்து கொடுக்கும் ஏஜென்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கார் வேறு சமாச்சாரம். நீங்கள் யோசிக்கும் மாடலின் பெயர், உற்பத்தி மாதம் இரண்டையும் சொல்லி, இதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நம் பிஎஸ்6 புகை விதிகளுக்கு அந்த மாடல் பொருந்தும் என்று காட்டும் தகுதிச் சான்று எங்கிருந்து வரும் என்பதையும் அப்போதே கேளுங்கள். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ (ARAI) போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனங்களின் பெயர் இந்தப் பேச்சில் வரும். வராவிட்டால் அந்த ஏஜென்ட்டுக்கு விஷயம் தெரியாது.

அப்புறம் ஏலம். ஜப்பானில் பழைய கார்களில் பெரும் பங்கு வியாபாரிகளுக்கான ஏலக் கூடங்களில் கைமாறுகிறது. வெளி ஆட்கள் நேரடியாகக் கேட்க முடியாது, ஏற்றுமதி செய்பவர் ஒருவர் மூலம்தான் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு காருக்கும் ஒரு ஏலத்தாள் ஒட்டியிருப்பார்கள். இதைப் படிக்கக் கற்றுக்கொள்வது ஒரு மணி நேர வேலை, கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். மேலே காரின் தரமதிப்பெண் இருக்கும். 4.5, 5 என்றால் மிக நன்றாக இருக்கிறது. 4 என்றால் தாராளமாக வாங்கலாம். 'ஆர்' என்று இருந்தால் விபத்தில் அடிபட்டு முக்கிய பாகம் சரிசெய்த கார். உள்புறத்துக்கு ஏ, பி, சி, டி என்று தனி மதிப்பெண். கீழே காரை விரித்து வைத்த மாதிரி ஒரு படம், அதில் ஏ1, யு2, டபிள்யு1 என்று குறிகள். 'ஏ' என்றால் கீறல், 'யு' என்றால் நசுங்கல், 'டபிள்யு' என்றால் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த அலை, 'எக்ஸ்எக்ஸ்' என்றால் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் எண் கூடக் கூட அடி பலம்.

3 வருடத்துக்குள் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஏலத்துக்கு வந்தது? அந்தப் படத்தில்தான் பதில் இருக்கும். முன்பக்கம் முழுக்க எக்ஸ்எக்ஸ் என்றால் யாரோ மலைப்பாதையில் திறமை காட்டியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை ஏற்றுமதி செய்பவரிடம் மட்டும் வாங்காமல் வெளியே ஒருவரிடமும் வாங்குங்கள். ஜப்பானிய மொழி சொல்லித்தரும் இடங்கள் சென்னையில் உண்டு. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் கம்பெனிகளில் வேலை செய்பவர்களிடம் கேட்டாலும் யாராவது ஒருவர் கிடைப்பார்.

கார் உங்களுடையது ஆனதும் ஜப்பானில் அதன் பதிவை ரத்து செய்து ஏற்றுமதிச் சான்று தருவார்கள். அந்தச் சான்று, இன்வாய்ஸ், கப்பல் சரக்குச் சீட்டு, காப்பீடு, கப்பலேறும் முன் ஆய்வுச் சான்று ஐந்திலும் சேஸிஸ் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கோடு தப்பினாலும் மும்பையில் கார் நிற்கும், வாடகை ஓடும். மும்பையில் அதிகாரிகள் சேஸிஸ் நம்பரை நேரில் பார்த்துத்தான் விடுவார்கள். வரி கட்டிய 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற தாள்தான் இனி அந்தக் காரின் பிறப்புச் சான்றிதழ். அதை லேமினேட் செய்யாதீர்கள், ஆர்.டி.ஓ.வில் மூலப்பிரதி கேட்பார்கள்.

பதிவு, வாழ்நாள் வரி, நம்பர் பிளேட் எல்லாம் சென்னையில். அந்தக் கட்டத்தில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, பணமும் பொறுமையும் இருந்தால் போதும்.

"சார், இம்போர்ட் வண்டி, இங்கேயே இருக்கு"

மூன்றாவதாக ஒரு வலை இருக்கிறது. யாரோ எப்போதோ கொண்டுவந்த ஜப்பான் கார், இப்போது சென்னையில் விற்பனைக்கு. பாதி விலை. ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், நானும் விழப் பார்த்தேன்.

சில வருடம் முன்பு திருவான்மியூரில் ஒரு மிட்சுபிஷி எவோ, அதாவது லேன்சர் காரின் ராலி வகை, விற்பனைக்கு என்று ஒரு புரோக்கர் கூப்பிட்டார். போனேன். சிவப்பு நிறம், பின்னால் பெரிய சிறகு, போனட்டில் காற்றுத் துளைகள், ஸ்டார்ட் செய்தால் நெஞ்சு அதிரும் சத்தம். அட்வான்ஸ் கொடுக்கக் கையை பாக்கெட்டில் விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த நண்பர் எம்பரிவாகன் செயலியில் நம்பரைத் தட்டினார். இன்ஜின் 1468 சிசி என்று காட்டியது. பழைய எவோவின் இன்ஜின் 1997 சிசி. 1468 என்பது நம் திருவள்ளூர் தொழிற்சாலையில் தயாரான சாதாரண லேன்சர். வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டிவந்த காரின் இன்ஜினையும் முகத்தையும் லேன்சர் உடம்பில் தைத்திருக்கிறார்கள். ஆர்.சி. புக்கில் லேன்சர், தெருவில் எவோ. "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க சார்" என்றார் புரோக்கர். யாரும் பார்க்காத வரை சரி. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அதைத்தான். இன்ஜின் மாற்ற வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

இது ஒருவகை. இன்னொரு வகை, கார் நிஜம், கதை பொய். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தி, பூட்டான் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் கார்களைப் பறிமுதல் செய்தது. அவற்றில் டொயோட்டா லேண்ட் க்ரூசர்களும் இருந்தன. வட மாநிலங்களில் பதிவு எண் வாங்கி, கைமாறிக் கைமாறித் தெற்கே வந்தவை. கடைசியாகப் பணம் கொடுத்தவர் வீட்டு வாசலில்தான் அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

அதனால் இம்போர்ட் கார் என்று யார் சொன்னாலும், பில் ஆஃப் என்ட்ரியை முதலில் கேளுங்கள். காரைக்கூட அப்புறம் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுக் கார்களின் சேஸிஸ் நம்பர் 17 எழுத்தாக இருக்காது. மாடல் குறியீடு, ஒரு கோடு, சில எண்கள் என்று சுருக்கமாக இருக்கும். ஆர்34 ஜிடி-ஆர் என்றால் 'பிஎன்ஆர்34' என்று தொடங்கும். ஜப்பானிலிருந்து வந்ததாகச் சொல்லும் காரின் ஆர்.சி.யில் 17 எழுத்து நம்பர் இருந்தால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். 'கார்னே' என்ற தற்காலிக அனுமதித் தாளில் சுற்றுலாவாக வந்த கார் என்றால் அது திரும்பிப் போயே ஆக வேண்டியது, விற்கும் உரிமையே கிடையாது.

சென்னையிலேயே தேடினால்

பழைய ஜப்பான் காரின் ருசி வேண்டும், கையில் இரண்டு முதல் பத்து லட்சம்தான் இருக்கிறது என்றால், உங்கள் கார் ஏற்கெனவே இந்த ஊரில்தான் எங்கோ நிற்கிறது.

ஹோண்டா சிட்டி விடெக், 2000 முதல் 2003 வரை வந்தது. ஒன்றரை லிட்டர், 106 குதிரைத்திறன். எடை குறைந்த உடம்பு, உயரே சுற்றச் சுற்ற உற்சாகமாகும் இன்ஜின். மிட்சுபிஷி சீடியா, 2006-இல் வந்தது. இரண்டு லிட்டர், 115 குதிரைத்திறன், இந்திய ராலிகளில் பல வருடம் கொடி கட்டிய கார். திருவள்ளூரில் பிறந்தது என்பதால் இதற்கும் முந்தைய லேன்சருக்கும் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பாடி பாகங்களுக்கு அலைய வேண்டும். ஹோண்டா சிவிக் 1.8, 2006 முதல் 2013 வரை. தினசரி ஓட்ட இதைவிட நல்லது இந்த வரிசையில் இல்லை. மாருதி பலேனோ ஆர்எஸ், 2017-இல் வந்த ஒரு லிட்டர் டர்போ, உதிரி பாகத்துக்குக் கவலையே இல்லாதது. சுபாரு இந்தியாவில் கடை திறக்காததால் செவ்ரோலே பெயர்ப்பலகையோடு வந்த ஃபாரெஸ்டர் ஒன்று உண்டு, நாலு சக்கர டிரைவ், பாக்ஸர் இன்ஜின். அழகான கிறுக்கு அது, முதல் காராக வேண்டாம்.

பணம் நிறைய இருப்பவர்களுக்கும் உள்ளூரில் வழி இருக்கிறது. நிசான் 370இசட், மிட்சுபிஷி எவோ எக்ஸ் இரண்டும் 2010-இல் அதிகாரபூர்வமாக இங்கே விற்றவை. நிசான் ஜிடி-ஆர் 2016 டிசம்பரில் 1.99 கோடிக்கு வந்தது. எண்ணிக்கை குறைவு, ஆனால் காகிதம் சுத்தம். இறக்குமதி செய்து படும் பாட்டுக்கு இவற்றில் ஒன்றுக்குக் காத்திருப்பது மேல் என்பது என் கட்சி.

என் சிட்டி விடெக் கிடைத்தது நங்கநல்லூரில், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம். ஒரே ஓனர். விலை பேச உட்கார்ந்தபோது மேசையில் ஒரு நோட்டை வைத்தார். 15 வருடப் பெட்ரோல் கணக்கு, தேதி, கிலோமீட்டரோடு. "தம்பி, மீட்டரைத் திருப்பியிருக்கேனான்னு சந்தேகப்படாம பாருங்க" என்றார். விலையில் 5 ரூபாய் குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் அப்படிப்பட்ட நோட்டு கிடைக்காது. அதனால் சோதனை. முதலில் காகிதம்: பரிவாகன் தளத்தில் ஓனர் எண்ணிக்கை, இன்ஷூரன்ஸ், நிலுவை அபராதம், கடன் அடமானம். அடமானம் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகே முழுப் பணம்.

டெல்லிக் காரா? அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்குக் கெடுபிடி என்பதால் மலிவாகத் தள்ளுகிறார்கள். படிவம் 28 தடையில்லாச் சான்று, இங்கே வயதுக்கேற்ற வாழ்நாள் வரி இரண்டையும் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும். பிஒய்-01 என்ற புதுச்சேரிப் பதிவுக் கார்களுக்கும் இதே கணக்குதான். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவு எந்த வருடம் வரை புதுப்பித்திருக்கிறது என்று பாருங்கள். 20 வருடம் தாண்டினால் புதுப்பிக்கும் கட்டணம் 2025-லிருந்து 10,000 ரூபாய், அதுவே இறக்குமதிக் கார் என்றால் 80,000.

அடுத்து தண்ணீர். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் நின்றன. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை முகவரி ஆர்.சி.யில் இருந்தால் கூடுதலாகப் பாருங்கள், ஆனால் முகவரியை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். சீட் பெல்ட்டை முடிந்த மட்டும் வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் மண் கறை இருந்தால் கார் நீந்தியிருக்கிறது. ஸ்டெப்னி வைக்கும் குழி, டாஷ்போர்டுக்கு அடியில் வயர் இணைப்புகள், கார்பெட்டுக்குக் கீழே இரும்பு எல்லாம் தடவிப் பாருங்கள். ஏசி போட்டதும் ஈரச் சாக்கு வாடை வந்தால் அதுவும் அதே கதை. கடலோரக் கார் என்றால் துருவைத் தேடுங்கள். கதவுக்கு அடியில் ஓடும் பகுதி, பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம். பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றாமல் இதைப் பார்க்க முடியாது.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். "நீங்க வர்றீங்கன்னு சூடு பண்ணி வச்சேன்" என்பவரிடம் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, சிட்டி விடெக்கில் இது சகஜம், அதற்கேற்ப விலையைக் குறைக்க வேண்டும். கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை, கட்டாயம். சிட்டியிலும் சீடியாவிலும் டைமிங் பெல்ட், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்க ஈசிஆர் போகிறார்கள் எல்லாரும். அங்கே வழுக்கிக்கொண்டு போகும், எந்தக் குறையும் தெரியாது. மெட்ரோ வேலை நடக்கும் ஏதாவது ஒரு தெருவில் ஓட்டுங்கள். புஷ், லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ராக் என்று சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் பாகங்கள் தேய்ந்திருந்தால் தாங்களாகவே பேசும்.

விலை முடிந்ததும் படிவம் 29, 30-இல் கையெழுத்து. ஆர்.சி. பெயர் மாற்றத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு முதல் மாதம்

ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய காரின் ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் சேர்த்து மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதற்குப் பழகியதில்லை. கப்பலில் வந்த டர்போ காராக இருந்தால் வேறு கவலை. ஜப்பானில் அவை குடித்து வளர்ந்தது 100 ஆக்டேன் அளவிலான பெட்ரோல். இங்கே அதற்கு ஈடு இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100, சில பங்க்குகளில்தான் கிடைக்கும், விலையும் சாதாரணப் பெட்ரோலைவிட மிக அதிகம். வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் அந்த பங்க் என்பதைக் கார் வாங்கும் முன்பே பார்த்து வைப்பது நல்லது.

உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போகாமல் வாரநாள் காலையில் போங்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் ஒன்று தருவார்கள், பொருளைக் காட்டிக் கேட்டால் சரியானதைத் தருவார்கள். சீட் கவர், லைட், ஸ்டீரியோ என்றால் ஜி.பி. ரோடு.

வேகமாக ஓட்டும் ஆசையை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 3.7 கிலோமீட்டர் சுற்று, சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாட்கள் அவ்வப்போது அறிவிப்பார்கள். ஹெல்மெட், புது பிரேக் பேட், நல்ல டயர் வேண்டும். காரை இழுக்கும் கொக்கியும் கேட்பார்கள். டிக்கியில் ஜாக்கியோடு சேர்ந்து இருக்க வேண்டிய பொருள் அது. பழைய கார்களில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். காரை வாங்கும் அன்றே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் விலையில் 500 ரூபாயைக் குறைத்துவிட்டுப் புதுப்பேட்டைக்குப் போங்கள்.